முழு பலத்தோடு ஒரு தள்ளு

சந்தேகப்படுவது எங்கள் வீட்டில் பல் தேய்ப்பது போல அன்றாடக் காரியம். அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவுக்குப் போனால் வீடு உண்டு, நிலம் உண்டு என்று சொல்லிக் கப்பலேற்றப்பட்டவர். வந்து சேர்ந்த பிறகு கொடைக்கானல் மலையில் கவுஞ்சிப் பக்கம் அடுத்தவர் உருளைக்கிழங்குக் காட்டில் கூலி வேலைதான் கிடைத்தது. அன்றிலிருந்து சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் எவரையும் அவர் நம்பியதில்லை. நான் அவருடைய மகள். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போன இடது காலைத் தவிர மற்றதெல்லாம் அவரைப் போலவே.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு முட்டைக்கோஸ் அறுப்பு. ஆளுக்கு ஆள் கைமாற்றி லாரியில் ஏற்றுவதுதான் வழக்கம். மேலே ரோட்டுக்கு ஏறி இறங்கச் சலிப்பாக இருந்ததால், காட்டின் கீழ்த் தட்டில் நின்றபடி நான் நேராக லாரிக்கே எறிந்துகொண்டிருந்தேன். கொடைக்கானலில் ஒரு பள்ளியின் பி.டி. மாஸ்டர் அந்த வழியாக பைக்கில் வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓர் ஆம்பளை அப்படி நின்று பார்த்தால் என்ன நினைப்பதாம்? அடுத்த கோஸை அவர் பைக்குக்குப் பக்கத்திலேயே விழும்படி போட்டேன். மனுஷன் ஓடவில்லை. கோஸ் விழுந்த தூரத்தைக் காலால் அளந்தார்.

“ஷாட்புட் எறியிறியாம்மா? ஒன்னைய மாதிரி ஆளுங்களுக்குன்னே போட்டி இருக்கு. நல்லா எறிஞ்சா வெளிநாடு வரைக்கும் போகலாம்.”

“இதுல ஒங்களுக்கு என்ன சார் கெடைக்கும்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்ததில் என் சந்தேகம் இன்னும் கூடியது.

அப்பாவிடம் சொன்னபோது, “கப்பல்ல ஏத்துறப்பவும் இப்பிடித்தான் சிரிச்சுக்கிட்டே பேசினானுங்க” என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கொடைக்கானலுக்கு பஸ் ஏறினார். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து மாஸ்டரையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். இரும்புக் குண்டு எங்கே போய் விழுந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மாநிலத்தில் ஜெயித்தேன். தேசியப் போட்டியிலும் ஜெயித்தேன். கடைசியில் நாட்டு அணியிலேயே எடுத்துவிட்டார்கள். அப்போதும் எங்கோ ஏதோ கோளாறு இருக்கிறது என்றே நினைத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஓர் ஆசை பற்றிக்கொண்டுவிட்டது. பதக்கம்கூட இரண்டாம்பட்சம். நெஞ்சில் தேசத்தின் பெயர் போட்ட சட்டையோடு, அந்த வட்டத்துக்குள் நின்று ஒரே ஒருமுறை எறிய வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் வேறெதையும் கேட்டதில்லை.

பயிற்சி முகாமில், முன்பு வெளிநாடு போய் வந்தவர்கள் கதை கதையாகச் சொன்னார்கள். இரவல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஈட்டி எறிந்து பதக்கம் வாங்கியவர், பாஷை தெரியாமல் தன் போட்டி அறிவிக்கப்பட்டதே தெரியாமல் வெளியில் உட்கார்ந்திருந்தவர், ஊர் திரும்பியபோது வரவேற்க யாரும் வராமல் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனவர். பாடப் புத்தகத்தில் ஏறாத இந்தச் சரித்திரத்தை அவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். போட்டி விதிகளை அங்கே போய் இறங்கிய பிறகு கற்றுக்கொள்வதுதான் நம் வழக்கம் என்று ஒருவர் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் அறையில் மதுரைப் பக்கத்து அக்கா ஒருத்தி. அவளுக்கும் கால்தான், அவளும் ஷாட்புட்தான். முதல் நாளிலிருந்தே அவள் மேல் எனக்குக் கண். அதிகாரிகள் வரும்போது மட்டும் அதிகமாக விந்துகிறாள் என்று தோன்றியது. என் தேங்காய் எண்ணெயை எடுத்துத் தேய்த்துக்கொண்டாள். பதிலுக்குத் தன் முறுக்கைத் தந்தாள். முறுக்கை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

போட்டி நடந்த நாட்டில் இறங்கியதும் அப்படி ஒரு விதி தெரிந்தது. நம் ஊர் மருத்துவர்கள் கொடுத்த ஊனச் சான்றிதழ் அங்கே செல்லாது. அவர்களே மறுபடி பரிசோதிப்பார்கள். ஊனம் எந்த அளவு என்று பார்த்து, அதற்கேற்ற பிரிவில் சேர்ப்பார்கள். அளவு குறைந்தால் எந்தப் பிரிவும் கிடையாது.

பரிசோதனைக்குப் போகும் பஸ்ஸில் அக்கா என் காதருகே குனிந்தாள். “ஏ புள்ள, காலால தள்ளு தள்ளும்பாங்க. நீ பாட்டுக்கு மூச்சப் புடிச்சுத் தள்ளிராத. பாதி பலத்தக் குடு, போதும்.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பேரும் ஒரே போட்டிக்கு வந்தவர்கள். இவள் எதற்கு எனக்கு வழி சொல்கிறாள்? நான் நடிக்கிறேன் என்று அவர்கள் கண்டுபிடித்து விரட்டிவிட்டால் லாபம் யாருக்கு? ஆகா, இந்தப் பொறியில் நானா விழுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளைக்கார டாக்டரும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். கட்டிலில் படுக்க வைத்துக் காலை நாடாவால் அளந்தார்கள். டாக்டர் என் பாதத்தில் உள்ளங்கையை வைத்தார். கூட வந்த நம் அணி மேனேஜர், “தள்ளும்மா” என்றார். தள்ளினேன். நேர்மையினால் அல்ல, அக்கா மேலிருந்த சந்தேகத்தினால், உடம்பில் இருந்த மொத்த பலத்தையும் அந்தச் சூம்பிய காலுக்குக் கொண்டுவந்து தள்ளினேன். டாக்டரின் முழங்கை பின்னால் போனது. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்கள். படிப்படியாக வெட்டின மலைக்காட்டில் தினமும் மூட்டையோடு ஏறி இறங்குவேன் என்று பெருமையாகவே சொன்னேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “கால் மெலிஞ்சிருக்கே தவிர பலமாத்தான் இருக்காம். போட்டிக்கு வேண்டிய அளவுக்கு ஊனம் இல்லையாம்.”

பிறந்த ஊரில் நொண்டி என்ற பெயரைத் தவிர வேறு பெயரில் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அதுவும் எனக்கு இல்லை என்றார்கள். அக்காதான் என்னைவிடச் சத்தமாக அழுதாள். “சொன்னேன்ல புள்ள, சொன்னேன்ல” என்று என் தோளில் அடித்துக்கொண்டே அழுதாள். போட்டியன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அவள் எறிவதைப் பார்த்தேன். தேசத்தின் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் அப்பா காத்திருந்தார். வெறுங்கையோடு வந்த மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னாவாம்?”

“கால்ல பலம் இருக்காம்ப்பா. ஊனம்னு சொல்ல முடியாதாம். அதான் எறிய விடல.”

“யாரு சொன்னா?”

“அங்க இருந்த வெள்ளக்கார டாக்டரு.”

நானும் அவரோடு சேர்ந்து திட்டத் தயாராக நின்றேன். ‘எல்லாம் களவாணிப் பயலுக’ என்று அவர் வாயிலிருந்து வந்தால் போதும், அழுதுவிடலாம் என்றிருந்தது. அப்பா என் பக்கம் நெருங்கி வந்தார். “டாக்டரே சொல்லிட்டாரா?” என்று மறுபடி கேட்டார். எறிய விடவில்லை என்றது அவர் காதில் விழவே இல்லை. பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, “எம் மகளுக்கு ஒண்ணுமில்லியாங்க, காலு நல்லாத்தான் இருக்காம்” என்றார். கண்ணீர் வழிய வழியச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு துளி சந்தேகத்தைத் தேடினேன். இல்லை.

“வெரசா வா புள்ள, பஸ்ஸு போயிரும்” என்று ஊர் பஸ் நிற்கும் மேட்டில் ஏறினார். என்றைக்கும் என் நடைக்குத் தக்கபடி நின்று நின்று போகிறவர், அன்றைக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னாலேயே நான் வந்துவிடுவேன் என்று முழுசாக நம்பிவிட்டார்.