ஒரு ஸ்டார் கொடுத்த இடத்தில் இன்டர்வியூ

இன்று காலை வாடிப்பட்டி பக்கம் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். நால்வழிச்சாலை ஓரத்தில் ஓட்டல், கழிப்பறை, பெட்ரோல் பங்க் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் நடத்துகிற கம்பெனி. வேலை போய் ஐந்து மாதம் ஆகிவிட்டதால், அயர்ன் செய்த சட்டையும் அளவுக்கு மீறிய பணிவுமாக உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் அம்மா கேட்டார், "நம்ம இடத்துக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

"அடிக்கடி மேடம். இந்த டீக்காகவே ஒத்தக்கடையில இருந்து வண்டிய எடுத்துட்டு வருவேன்."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். கூலிங் கிளாஸ் போட்ட என் படம். கீழே, போன வருடம் இந்த இடத்தைப் பற்றி நானே ஆன்லைனில் எழுதிய ரிவ்யூ:

"டீ வெறும் வெந்நீர். கழிப்பறையில் மூன்று குழாயில் ஒன்றில்தான் தண்ணீர். கதவில் தாழ்ப்பாள் இல்லாததால் பாட்டுப் பாடிக்கொண்டே உட்கார வேண்டும். ஒரு ஸ்டாரே அதிகம்."

"இது நீங்கதானே?"

"என் தம்பியா இருக்கும் மேடம்."

"தம்பிக்கும் உங்க பேருதானா?"

ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க சார்" என்று சிரித்தார். "டீ மாஸ்டர மாத்திட்டோம். கழிப்பறையத்தான் சரி பண்ண முடியல. இம்புட்டு விவரமா அதைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். திங்கக்கிழமையில இருந்து அதுக்கு சூப்பர்வைசரா வாரீங்களா?"

"வாரேன் மேடம்" என்று ஃபைலைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

வேலை கிடைத்ததை வீட்டில் சொல்லிவிட்டேன். என்ன வேலை என்று மனைவி கேட்டதற்கு "நிர்வாகம்" என்றேன். எதை நிர்வகிக்கப் போகிறேன் என்று அடுத்துக் கேட்பாள். கௌரவமான பதில் ஒன்றை யாராவது கமெண்டில் போடுங்கள்.