ஓட்டை போட்ட பால் டின்

முதல் நாள் நான் செய்த வேலை, ஒரு கைக்குழந்தையின் பாலைச் சாக்கடையில் ஊற்றியது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு அதிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், லுக்குட் பக்கம். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்ததும், தொழிலாளர்களின் லயத்து வீடுகளையெல்லாம் முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகை வேலிக்கு வெளியே தங்கிவிட்டது. அதனால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் பாலுக்கு மரம் சீவப் போகும் பெண்கள், பிள்ளைகளை வேலிக்குள்ளேயே நான்கு வீடுகளில் விட்டுப் போனார்கள். அந்த வீடுகளில் தண்ணீர், சாப்பாடு, பால் எல்லாம் சுத்தமாக இருக்கின்றனவா என்று தினமும் பார்த்து எழுத வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் டிரெஸர் ஐயா என்னை அதற்கு எடுத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் கொடுத்த நோட்டையும் பென்சிலையும் எல்லோர் கண்ணிலும் படும்படி பிடித்துக்கொண்டு லயத்தில் நடந்தேன்.

விதிகள் ஒரு தாளில் இருந்தன. கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் கழுவிய கையோடு சோற்றைத் தொடக் கூடாது. திறந்த பால் டின்னை மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

முதலில் போனது அஞ்சலை அக்கா வீட்டுக்கு. கால் சரியில்லாததால் அவர் மரத்துக்குப் போவதில்லை. பிள்ளை பார்ப்பதுதான் பிழைப்பு. அடுப்படிப் பலகையில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் பால் டின்னை வைத்து, வெள்ளைத் துணியால் மூடியிருந்தார். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படித்தான் வைப்பார். படிக்காதவர்கள் பழக்கம் என்று அப்போது நினைத்தேன்.

“இது நேற்று திறந்தது. கொட்டிடுங்க அக்கா.”

“தொறக்காத டின்னுக்கு நான் எங்க போறது தங்கச்சி? கடையிலயே ரெண்டு ஓட்ட போட்டுத்தான்லா குடுக்குறாங்க.”

அது உண்மை. காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று, கடைக்காரர் எந்த டின்னையும் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு டின், அதுவும் மூன்று நாளைக்கு. முன்பெல்லாம் தாய்மார்கள் பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேலி வந்த பிறகு, கேட்டைத் தாண்டினால் வேலை முடிந்துதான் திரும்பலாம் என்று ஆனது. இவையெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் தாளில் இல்லை.

டின்னை எடுத்து நானே கவிழ்த்தேன்.

“நாளைக்கு இவளுக்கு என்னத்தக் குடுக்க?” என்று அக்கா மடியில் இருந்த குழந்தை தனத்தைக் காட்டினார். மரத்துக்குப் போயிருந்த ராக்கம்மாவின் எட்டு மாதப் பெண்.

“கஞ்சித்தண்ணி கொடுங்க. இன்னொரு தடவை பழைய டின்னைப் பார்த்தால், பிள்ளை பார்க்கிறவங்க பட்டியல்ல உங்க பேரை வெட்டிடுவேன்.”

பக்கத்து வீட்டுக்காரி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “பென்சிலு வருதுடி, சட்டிய மூடு.” அந்தப் பெயர் எனக்குப் பிடித்தே இருந்தது.

அதற்குப் பிறகு பலகையில் டின் இருந்ததில்லை. இரண்டு வாரம் ஒரே மாதிரி எழுதினேன்: மிச்சப்பால் இல்லை. சுத்தம்.

ஒரு வியாழக்கிழமை தனம் துவண்டு கிடந்தாள். என்ன என்று கேட்டேன்.

“பல்லு மொளைக்குதுலா” என்றார் அக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும், சரியில்லாத காலை இழுத்து இழுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளைக்குக் கண் குழிந்திருந்தது. வயிற்றைக் கிள்ளினால் தோல் அப்படியே நின்றது. டிரெஸர் ஐயா கரண்டியால் தண்ணீர் விட்டார். உள்ளே போகவில்லை. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரி ஏற்பாடு செய்வதற்குள் பிள்ளை போய்விட்டது. மரம் வெட்டப் போயிருந்த ராக்கம்மாவுக்கு ஆள் போய்ச் சொல்லி, அவள் கேட்டில் சோதனை முடிந்து உள்ளே வந்தபோது, தனத்தைத் துணியில் சுற்றியிருந்தோம்.

டிரெஸர் ஐயா அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அக்கா விறகுக் கட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அடியிலிருந்து டின்னை எடுத்தார். ஓட்டையைச் சுற்றிக் கரப்பான் எச்சம்.

“பேர வெட்டிருவேன்னியே புள்ள. அதான் ஒளிச்சேன். வெளிய வச்சிருந்தப்ப எறும்பு கூட அண்டாது” என்றார். டின்னைக் கீழே வைத்துவிட்டு, “மூணு நாளா வயித்தால போச்சு. சொன்னா டின்ன கேப்பன்னு சொல்லல.”

டிரெஸர் ஐயா என்னைத் திட்டவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கினார், என் எழுத்தைப் படித்தார், திருப்பிக் கொடுத்தார்.

காரியம் முடிந்து ராக்கம்மா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள். கோபமாகப் பேசவில்லை.

“ஒவ்வொரு நாளும் நீ எழுதுறத அக்காகிட்ட கேப்பேன். சுத்தம்னு எழுதிட்டுப் போச்சுன்னு சொல்லும். படிச்ச புள்ள எழுதுறாளேன்னு நம்பித்தான் மரத்துக்குப் போனேன்.”



அஞ்சலை அக்கா அதன் பிறகு யார் பிள்ளையையும் பார்க்க எடுத்துக்கொள்ளவில்லை. நான் அவர் பெயரை வெட்டவில்லை. அவரே வெட்டச் சொன்னார்.

டிரெஸர் ஐயா தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் பேசினார். இப்போது பால் கொடுக்கும் தாய்மார்கள் பத்து மணிக்குக் கேட்டுக்கு வரலாம். பிள்ளைகளைப் பாலுக்கு அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கேட்டிருந்தால் அப்போதே கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.

இப்போது நோட்டை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். முதலில் கேட்பது, மிச்சப்பால் எங்கே என்று. எடுத்துக் காட்டுகிறார்கள். கெட்டிருந்தால் கொட்டச் சொல்கிறேன், மறுநாள் பாலுக்கு வழி செய்த பிறகு. வெளியே வந்துதான் எழுதுகிறேன்: டின் தட்டுத் தண்ணீரில் இருந்தது, துணி மூடியிருந்தது, நான் முகர்ந்து பார்த்தேன்.

நீங்களும் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். சுத்தம் என்ற சொல்லைத் தனத்துக்குப் பிறகு நான் எழுதியதில்லை.