குடிக்காதவரின் மனைவி

என் வீட்டு மாடியில் குடியிருப்பவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். காலர் மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. குடிப்பாள். அவள் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். டீக்கு மேல் எதையும் தொடாத மனிதர். தெருவில் இதைத் தலைகீழாகத்தான் நம்பினார்கள். காலி பாட்டில்களைப் பையில் போட்டு எடுத்துப் போகிறவர் அவர்தானே!

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி எடுத்து, வயதாகும்வரை அதையே செய்தவள் நான். அவள் வயிறு உப்பிக் கண் மஞ்சளானதும் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஈரல் பாதி போய்விட்டது, குடியை விட்டால்தான் உயிர் என்றார் அவர். தானாகச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று மாத்திரை எழுதினார். மாத்திரை மட்டும் போதாது என்று, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஒரு கூட்டத்தின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். நான்தான் பேசினேன். சனிக்கிழமை மாலை, நூலகத்து மாடி.

"நானும் வரட்டுமாடி?"

"நான் என்ன சின்னப் பாப்பாவாக்கா? முட்டி வலியோட நீங்க படியேற வேண்டாம்."

தனியாகப் போனாள். படியேறியதும் ஒருவர் அன்பாக, "குடும்பத்துக்காரங்களுக்கு அந்த ரூமும்மா" என்று எதிர் அறையைக் காட்டியிருக்கிறார். ஒரு பெண் வேறு எதற்கு வரப்போகிறாள்? இவளும் வாயைத் திறக்காமல் உள்ளே போய்விட்டாள். அங்கே குடிகாரர்களின் மனைவிமார். "உங்க வீட்டுக்காரர் எப்பலேர்ந்தும்மா?" என்று கேட்டதற்கு, "கல்யாணம் ஆனதிலேர்ந்து" என்றிருக்கிறாள்.

திரும்பி வந்து சிரித்தாள். "என்னைப் பொறுமைசாலின்னு சொல்லிக் கட்டிப்பிடிச்சு அழுதாங்கக்கா."

"அறிவுகெட்டவளே, அடுத்த வாரம் எதிர் ரூமுக்குப் போ."

போகவில்லை. வாராவாரம் மனைவிமாரிடமே போனாள். கஞ்சி டப்பாவுக்குப் பின்னால் பாட்டிலை ஒளித்தது, குளியலறையில் விழுந்து பல் உடைந்தது, மகன் கல்யாணத்தில் தடுமாறி மானத்தை வாங்கியது, எல்லாவற்றையும் தன் கணவர் செய்ததாகச் சொன்னாள். ஆளைத் தவிர ஒன்றும் பொய்யில்லை. கணவரிடம் நான் கேட்டபோது, கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸைக் கழற்றினார். "இருக்கட்டும்க்கா. என்கிட்ட இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல. அங்கயாவது வாயைத் திறக்கிறாளே."

அந்தக் கூட்டத்தில் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி இவளைத் தங்கையாகவே எடுத்துக்கொண்டாள். தங்கையின் புருஷனை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று, நின்றுபோன கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனாள்.

"வெள்ளைச் சட்டைக்கு ஒண்ணும் குறைச்சலில்ல! அந்தப் பொண்ணு உடம்பு உருகிக் கிடக்கு. குடிக்கிற காசுல அவளுக்கு ரெண்டு வாய் சோறு போட்டா என்ன? வெக்கமா இல்ல உனக்கு?"

"சரிம்மா. விட்டுடறேன்" என்று குனிந்தபடியே அவர் சாமண இடுக்கியால் ஒரு திருகாணியை எடுத்தார். கடுகைவிடச் சிறியது. எடுத்த இடத்திலிருந்து வைக்கிற இடம்வரை அந்தக் கை அசையவே இல்லை. பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாளாம். நடுங்கும் கைக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வாராவாரம் கூட்டத்தில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தது யார் என்று அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை லாரி ஓட்டுநரின் மனைவி கத்தவில்லை. "எங்க வீட்டுக் கண்றாவி எல்லாத்தையும் உக்காந்து கேட்டியே. நீயும் அந்த ஜாதிதானா?" என்றாள். மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். இவள் எழுந்து வந்துவிட்டாள்.

"இப்பவாவது எதிர் ரூமுக்குப் போயேன்" என்றேன்.

"அங்க பாதிப்பேர் இவங்க புருஷனுங்கக்கா. எவன் எங்க விழுந்து கிடந்தான், எவன் பொண்டாட்டியை எதால அடிச்சான், எல்லாம் எனக்குத் தெரியும். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

வேறு கூட்டம் இருக்கிறதா என்று விசாரித்தேன். ஊரின் மறுகோடியில் இன்னொரு கூட்டம் இருந்தது. "பொம்பளைங்க வரலாமா?" என்று தொலைபேசியில் கேட்டேன். "தாராளமா வரலாம்மா. இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

இம்முறை முட்டியைப் பார்க்கவில்லை, கூடவே போனேன். பேருந்தில் அவள் ஓயாமல் புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தாள். மிட்டாயையும் மீறி வாடை வந்தது.

"ஏண்டி?"

"பேசணுமேக்கா. தைரியத்துக்குத்தான். கொஞ்சம்."

கூட்டத்தை நடத்தியவர் ஒரு எலக்ட்ரீஷியன். கதவருகிலேயே கண்டுபிடித்துவிட்டார். முகம் சுளிக்கவில்லை. "குடிச்சிருந்தா உக்காந்து கேக்கலாம்மா, பேச முடியாது. எல்லாருக்கும் அதே சட்டம்தான். அடுத்த வாரம் சொல்லுங்க." நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். ஒவ்வொருவராகப் பேசினார்கள். இவள் முறை வந்தபோது அவர் அடுத்த ஆளைப் பார்த்தார். இவள் வாய் திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் படுக்கவைத்தோம். கணவர் அவள் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்: "பேசினாளாக்கா?"

"அடுத்த வாரம்" என்றேன்.

செருப்பு வார் அவள் காலில் ஆழமாகப் பதிந்திருந்தது. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது நிரம்பவில்லை. ஈரல் முற்றிலும் போனவர்களின் காலில் நான் எத்தனையோ முறை பார்த்த வீக்கம். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் போர்வையை இழுத்துக் காலை மூடினேன்.