தங்கச்சி வீட்டுக் குதிரை எரு

குதிரை லத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் கூடப் பிறந்த தங்கச்சி வீட்டு லத்தி.

அப்பா விட்டுப்போன குதிரைக் கொட்டடியை நடுவில் சுவர் வைத்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தைத் தாண்டி, கடல் பார்த்த மனை. என் பக்கம் மூன்று குதிரைகள். வண்டிப் பந்தயத்துக்கு ஓட்டுவேன். அவள் பக்கமும் மூன்று. கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்புவாள், அப்பா போன பிறகு தானாக ஏறிப் பழகி, பிள்ளைகளுக்குச் சவாரியும் சொல்லிக்கொடுப்பாள். அவள் புருஷனுக்குக் கப்பல் வேலை, வருஷத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. தனியாகத் திண்டாடி, கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டேன்.

வரவேயில்லை. தகரக் கூரையில் விழுந்த மழையைத் தொட்டி கட்டிப் பிடித்தாள். குதிரை கழுவிய தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் புல்லுக்கு விட்டாள். லத்தியை மட்க வைத்துத் தாமிரபரணிக் கரை வாழை விவசாயி ஒருவருக்குக் கொடுத்தாள். அவர் பதிலுக்கு மாதாமாதம் வைக்கோலும் வரப்புப் புல்லும் கொண்டுவந்து இறக்கினார். நான் தீவனக் கடையில் முழி பிதுங்கி நிற்கும்போது அவள் வாசலில் பச்சைப்புல் மலையாகக் கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். யூடியூப்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த என் வெள்ளைக் குதிரையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார்கள், படத்தில் விழுகிறதாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எப்படிச் செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பேனா? ஓரமாக ஒரு கல்லைப் போட்டு ஏறிச் சுவர் வழியாகப் பார்த்தேன். லத்தியைக் குவிக்கிறாள், தண்ணீர் தெளிக்கிறாள், பனையோலையால் மூடுகிறாள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

அவளைவிட ஒரு படி மேலே போக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் கடற்கரையில் தென்னங்கன்று வைத்தால் குழியில் உப்புப் போடுவோம். மீன் கழிவையும் கரை ஒதுங்கிய பாசியையும் தூரில் புதைப்போம். காய் குலைகுலையாகத் தள்ளும். தென்னைக்கு ஆனது எல்லாவற்றுக்கும் ஆகும் என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. என் குவியலில் பாசியை அலசாமல் கொட்டினேன், கருவாட்டுத் தூளைக் கொட்டினேன், என் போர்வெல் தண்ணீரைத் தெளித்தேன். அந்தத் தண்ணீர் குதிரைகளே வாய் வைக்காத உப்பு.

நாற்றம் தெருவைத் தூக்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மனு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுகாதார ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, மாதக் கடைசிக்குள் குவியலை அகற்ற வேண்டும், இல்லையென்றால் குதிரைகளை அகற்ற வேண்டும் என்று சொல்லிப் போனார்.

அந்த வாரம் தங்கச்சி ஒரு கல்யாணத்துக்குக் குதிரை கொண்டு போயிருந்தாள். வாழைக்காரர் எரு ஏற்ற வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இந்தத் தடவ சரக்கு இங்கன இருக்கு. எல்லாம் ஒரே வீட்டுச் சரக்குதான்."

"வாடை அடிக்கே அண்ணாச்சி?"

"கடல் சத்துல்லா. வாழை எப்படி வருதுன்னு பாருங்க."

முழுக் குவியலும் போய்ச் சேர்ந்தது. ஆய்வாளரையும் சமாளித்தாயிற்று, அவளுடைய ஆளையும் பிடித்தாயிற்று. புதுக் குவியலையும் அதே மாதிரிதான் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவர் ஒரு வாழைக்கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து தங்கச்சி வாசலில் போட்டார். இலை விளிம்பெல்லாம் தீய்ந்து போயிருந்தது. தோட்டம் பூராவும் இப்படித்தான் நிற்கிறது என்று சத்தம் போட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை, முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லா வாங்கட்டும் என்று நினைத்தேன்.

"இனிமே ஒங்களுக்கு வைக்கோலும் கெடையாது, புல்லும் கெடையாது" என்றார்.

அவளுடைய பெட்டைக் குதிரை நிறைசினையாக இருந்தது. குட்டி வைக்கோலில் விழ வேண்டும், சிமெண்டுத் தரையில் விழக் கூடாது. ஊர்வலக் குதிரையானாலும் என் குதிரையானாலும் குட்டி குட்டிதான். கால் தானாக நடந்தது. அந்தப் பக்கம் போய், "அது என் சரக்கு. அவளுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் என்னைத் திட்டிய திட்டு இங்கே வேண்டாம். தங்கச்சி நேராக என் கொட்டடிக்குள் போனாள். புதுக் குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். திரும்பி வந்து அவரிடம், "தூர்ல கெடக்கத வழிச்சு எடுத்துருங்க. ஆத்துத் தண்ணிய நாலு நடை நெறையப் பாச்சி வடிய விடுங்க, உப்பு எறங்கிரும். வாடின கன்னுக்கெல்லாம் மாத்துக் கன்னு எங்க பொறுப்பு" என்றாள். அவர் முனகிக்கொண்டே அவளுடைய எருவில் பத்து மூட்டை ஏற்றிக்கொண்டு போனார். வைக்கோலை நிறுத்துகிற பேச்சு அதோடு நின்றது.

"மிச்சம் கெடக்கத தென்னந்தோப்புக்குக் குடு, தென்ன தாங்கும்" என்றாள் என்னிடம். "ஏம்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவ?"

அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நாக்கில் வைத்தே கண்டுபிடிக்கிறாளே!

"ஏளா, இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? அப்பா குதிரைய ஒங்கிட்ட குடுத்தாரு, லத்திக் கூடைய எங்கிட்ட குடுத்தாரு. ஏழு வயசுல இருந்து அள்ளுதேன். ஒரே ஒரு நாள் என்னையும் ஏத்தி விடுங்கன்னு கேட்டேன். பொட்டப் புள்ளைக்கு என்னத்துக்குன்னுட்டாரு. நீ ஓட்டுறதப் பாத்துப் பாத்து எனக்கு அப்படி வயிறு எரியும்ணே."

நான் பந்தயத்துக்குப் பழகிய நாளெல்லாம், வண்டி திரும்பும் இடத்தில் இடுப்பில் கூடையோடு நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணன் மேல் எவ்வளவு பாசம் பார் என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்திருக்கிறேன்.