சூட்கேஸ் மடிப்பு

எங்கள் இஸ்திரி வண்டியில் கொஞ்ச நாள் காமிக்ஸும் கிடைத்தது. நான் அப்போது ஆறாவது படித்தேன். செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் ஓர் அப்பார்ட்மென்ட் கேட்டுக்கு உள்ளே, பாதாம் மரத்தடியில் வண்டி நிற்கும். அம்மா தேய்ப்பாள். அப்பா மாடி ஏறித் துணி வாங்கி வருவார். தேய்த்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பள்ளி விட்டு வந்ததும் என் வேலை. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

இரண்டாவது மாடியில் ஓர் அண்ணன் இருந்தார். செகந்திராபாத் தமிழர். அவரும் நண்பர்களும் தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்து காமிக்ஸ் விற்பார்கள். பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. வேலை கிடைத்து புனே கிளம்பியபோது, விற்காததும் இரண்டிரண்டாகக் கிடந்ததுமாக ஒரு அட்டைப்பெட்டியை எங்கள் வண்டியில் இறக்கினார்.

"பழைய பேப்பர்காரனுக்கு மட்டும் நக்கோ, வேணாம். படிக்கிறவங்களுக்குக் குடு. சும்மா நீட்டாதடா, 'இது உங்களுக்குப் பிடிக்கும்'னு சொல்லிக் குடு. பிடிச்சுதான்னு கேட்டு எனக்குப் போன்ல சொல்லணும், ஹவ்? சரியா?"

நான் அதை ஓர் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் படித்தேன். பேய்க் கதை கல்லூரி அக்காவுக்கு, ரயில் கதை ரிட்டையர்டு இன்ஜினியருக்கு என்று பிரித்து, துணியோடு ஒன்றைக் கொடுத்து, மனப்பாடம் செய்த வாக்கியத்தையும் ஒப்பித்தேன். முதல் மாடி பேங்க் அங்கிள், "யே கைக்கு பேட்டா? இது எதுக்கு, ஏதாவது ஸ்கீமா?" என்று சந்தேகமாகப் புரட்டினார். ஆனால் மறுவாரம் அவரே, அடுத்தது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

கடைசியில் மிஞ்சியது ஒன்று. அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அச்சடித்தவர்கள் எழுத்தைப் போட மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒரு காக்கை கூடு கட்டுகிறது. குஞ்சு வளர்ந்து சண்டை போட்டுப் பறந்துவிடுகிறது. காக்கை காலிக் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, பக்கம் பக்கமாக. முடிவில் அந்தக் கூட்டிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குஞ்சு இருக்கிற மரத்தைத் தேடிப் போகிறது. இதை யாருக்கு என்னவென்று சொல்லிக் கொடுப்பது?

அம்மா இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதை முதலிலிருந்து பார்த்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"இத நாலாவது மாடி அம்மாவுக்குக் குடு."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தெலுங்கு அம்மாதான் அப்பார்ட்மென்ட் சங்கத்தின் செக்ரட்டரி. கரிச் சாம்பல் பறக்கிறது என்று ஏற்கெனவே ஒருமுறை சத்தம் போட்டவர். "உனக்கு என்ன கிறுக்கா? அந்தம்மா ஒரு வார்த்த சொன்னா வண்டி ரோட்டுல நிக்கும். கேட்டுக்கு வெளிய எவன் துணி குடுப்பான்?"

"அந்த வீட்டுப் பையன் சட்டை வந்து எத்தன மாசம் ஆவுது, பாத்தியா?"

"வெளிநாடு போயிருப்பான்."

"வெளிநாடு போறவன் ஒரு மூட்டையாவது தேய்க்கப் போடாமப் போவானா? அப்பிடி எதுவும் வர்ல."

சொல்லிவிட்டு, இரண்டு காட்டன் புடவைகளுக்கு நடுவில் புத்தகத்தை வைத்து மடித்துக் கொடுத்துவிட்டாள். நான் நாலு மாடி ஏறினேன். கதவு திறந்ததும் எனக்கு வாக்கியம் மறந்துவிட்டது. துணியை நீட்டிவிட்டு ஓடி வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மாவே கீழே இறங்கி வந்தார். அவர் வண்டிக்கு வந்து நான் பார்த்ததில்லை. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அந்த புக் எவரு பெட்டாரு?" என்றார் என்னைப் பார்த்து. வைத்தது யார் என்கிறார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நேனே, அம்மா," என்றாள் அம்மா.

பிறகு அந்த அம்மா கையிலிருந்த பையை வண்டியில் கவிழ்த்தார். எல்லாம் ஆண் சட்டைகள். எங்கள் மடிப்புகூடக் கலையவில்லை.

"இதெல்லாம் நாம தேச்சதுதானேம்மா? கசங்கவே இல்லையே," என்றேன். அம்மா என்னைக் குழாயில் தண்ணீர் பிடித்துவர அனுப்பினாள். போகும்போது, தன் அரைகுறைத் தெலுங்கில் அவள் ஒன்றே ஒன்று கேட்டது காதில் விழுந்தது: பீரோ மடிப்பா, சூட்கேஸ் மடிப்பா?

"சூட்கேஸ்," என்றார் அந்த அம்மா.

சூட்கேஸ் மடிப்பென்றால் சின்னதாக மடித்து, காலருக்குள் காகிதம் சுருட்டி வைக்க வேண்டும். வேலை அதிகம். அன்று அம்மா வேறு யார் துணியையும் தொடவில்லை. சாயங்காலம் அந்தச் சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. காக்கைப் புத்தகம் அதற்குள் மேலாக இருந்தது. எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. படிக்கக் கொடுத்தால், பொருளோடு பொருளாகக் கட்டி எங்கோ அனுப்புகிறார்களே!

வண்டி பாதாம் மரத்தடியிலேயே நின்றது. புனே அண்ணனுக்குப் போன் செய்து எல்லாக் கணக்கும் ஒப்புவித்தேன். பேய்க் கதை பிடித்ததாம், ரயில் கதை சுமாராம், பேங்க் அங்கிளுக்கு இன்னும் வேண்டுமாம்.

"அந்தக் காக்கா?" என்று கேட்டார். அதை வரைந்தவர் அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"அது சரியாப் போகலண்ணா," என்றேன் வருத்தமாக. "பிடிச்சுதா இல்லையான்னு அந்தம்மா ஒரு வார்த்தகூடச் சொல்லல."