அக்கா வீட்டுப் பியானோ

பியானோ பழுது பார்க்கும் அவரைத் தெரிந்தவர்கள் 'கட்டை டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் மெஷின் ரிப்பேரில் தொடங்கி, ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய பியானோவைப் பிரித்துப் பார்த்த ஆசையில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். அவருடைய அக்கா நேர்மாறு. வீட்டு முன்னறையில் முப்பது வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறார். தப்பாக வாசித்தால் பிள்ளைகளோடு, கூட வந்த பெற்றோரையும் ஒரு பிடி பிடித்துவிடுவார்.

அந்த வருடம் மழை ஓய்ந்த பிறகு, விரலால் அழுத்தும் கட்டைகளில் வலது பக்கம் சில சரியாகப் பேசவில்லை என்று அக்கா சொல்லியனுப்பினார். தம்பி போய் முன்பலகையைக் கழற்றி, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி விட்டுப் பார்த்தார். இரண்டு கட்டைகள் அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டன. கட்டைக்கு அடியில் இருக்கும் கம்பளித் துணி ஈரத்தில் ஊதி, கட்டை ஏறி இறங்கும் ஆணியை இறுக்கிப் பிடித்திருந்தது. குறட்டால் துணியை மெல்ல நசுக்கித் தளர்த்தினார். கட்டைகள் சட்டென்று மேலே வந்தன.

பத்து நாளில் மறுபடி அழைப்பு. இந்த முறை பியானோவுக்குள் ஒலி எழுப்பும் சின்னச் சுத்தியல்களில் ஒன்று, கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்பி வரச் சோம்பியது. அதன் மூட்டில் இருந்த ஊசியை மாற்றிக் கொடுத்தார்.

மூன்றாவது தடவை கதவைத் திறக்கும்போதே அக்காவின் முகம் சரியில்லை. ஊருக்கெல்லாம் ஒழுங்காகப் பார்க்கிறவன் கூடப் பிறந்தவளுக்கு அரைகுறையாகப் பார்க்கிறான் என்று குத்திக் காட்டினார். தம்பி மறுபடி முன்பலகையைக் கழற்றினார். எண்பத்தெட்டுக் கட்டைகளையும் அழுத்தினார், பக்கவாட்டில் ஆட்டினார், சுத்தியல்களை விரலால் தள்ளிவிட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பிறகு அக்காவையே வாசிக்கச் சொன்னார்.

மேலே ஏறும் இடத்தில் இரண்டு சுரங்கள் கேட்கவே இல்லை. தம்பி விரல்களைக் கவனித்தார். கேட்காமல் போனவை மோதிரவிரலும் சுண்டுவிரலும் தொட்ட கட்டைகள்.

"அதே இடத்தை இடது கையால வாசி."

எல்லாச் சுரமும் ஒலித்தது.

"பியானோ நல்லாத்தான் இருக்கு அக்கா. உன் விரல்தான் கட்டையை முழுசா அழுத்தலை."

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு மாசமா தெரியும்டா. சட்டைக்குப் பட்டன் போடவே வரமாட்டேங்குது. கோளாறு பியானோவுலயே இருந்துடக்கூடாதான்னுதான் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

மறுநாள் தம்பிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு முழங்கையில் நசுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். சின்ன ஆபரேஷன் நடந்தது. மோதிரவிரல் தேறிவிட்டது, சுண்டுவிரல் பாதிதான்.

அக்கா வகுப்பை விடவில்லை. கஷ்டமான பகுதிகளை வாசித்துக் காட்டுவதற்குப் பதில் இப்போது பாடிக் காட்டுகிறார். அவர் குரல் அவ்வளவு மோசம் என்று கட்டை டாக்டருக்கே அதுவரை தெரியாது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதற்கும் திட்டு விழுகிறது.