சாம்பலில் ஆறிய குழாய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இருக்கும் என் வெல்டிங் பட்டறைக்கு அண்ணாச்சி ஒருவர் வருவார். சட்டை முழுக்கத் தீப்பொறி பட்ட ஓட்டைகள், தோளில் ஒரு சாக்கு. தன் பழைய அம்பாசடருக்குக் என்ஜினின் வேகத்தைக் கூட்டும் காயலான்கடை லாரி டர்போவை வீட்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். டர்போவை என்ஜினோடு சேர்க்கும் வார்ப்பிரும்புக் குழாய்தான் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது; அதைத்தான் சாக்கில் போட்டுக் கொண்டுவருவார்.

பற்றவைத்த வார்ப்பிரும்பு சாம்பலுக்குள் மெதுவாக ஆற வேண்டும். அவருக்குப் பொறுக்காது. செத்த நேரத்துக்கு ஒருமுறை சாம்பலைக் கிளறிப் பார்ப்பார். காற்றுப் பட்டதும் டிக்கென்று விரிசல் விடும் சத்தம் கேட்கும்.

"வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க அண்ணாச்சி," என்றேன் எரிச்சலோடு.

"போயி அம்புட்டு நேரமும் என்ன செய்ய தம்பி? வீட்டுல இப்ப அந்த வண்டி மட்டுந்தான் இருக்கு."

அன்றும் கிளறினார், அன்றும் விரிசல். குழாயை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

மறுநாள் நானே அதைப் பற்றவைத்துச் சாம்பலில் புதைத்தேன். விரிசலே இல்லாமல் ஆறியது. மாதங்கள் ஆகிவிட்டன, அவர் வரவே இல்லை. அவர் வீடு எந்தத் தெரு என்று நான் கேட்டதே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றால், இறங்குகிறவர்கள் தோளில் சாக்கு தெரிகிறதா என்று பார்க்கிறேன்.